பச்சை முனை

ஒலிப்பதிவுக் கருவியின் திருகியைத் திருப்பிவிட்டேன். உள்ளே எங்கோ ஒரு சிறு தட்டல் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. வால்வுகள் சூடேற ஒரு நிமிடமாவது ஆகும், பச்சைக் கண் முழிச்சப்புறம் பட்டனை அமுக்குங்கம்மா, அவசரப்படாதீங்க என்று மெக்கானிக் இன்னாசிமுத்து காலையில் மும்முறை சொல்லிவிட்டுப் போனார், இந்தக் கருவி இந்த வீட்டுக்குள் வந்த நாளில் அவர் பிறந்தே இருக்கமாட்டார் என்பதை எண்ணிப் பாராமல். ஒரு நிமிடம். சுவர்க் கடிகாரம் மூன்று இருபத்தைந்து காட்டுகிறது. நான்கு மணிக்கு மின்சாரம் போகும். இவ்வாண்டு திருச்சியில் நேரம் தவறாமல் நடப்பது அது ஒன்றே. மூன்று மணிக்கே தொடங்கியிருக்கலாம். தையல்நாயகி இரண்டரைக்கெல்லாம் முகம் கழுவி, சேலை மாற்றி, திருநீறு இட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையின் முன் வந்து அமர்ந்துவிட்டாள். நான்தான் காபி என்றேன், பிறகு தூசி என்றேன், பிறகு மேசை விரிப்பை மடித்து எடுத்தேன். கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவளுக்கு, ஒரு செயலை அதன் நேரத்திலிருந்து நகர்த்தி வைக்கத் தெரியும். என் கணவரின் தங்கை அவள், எழுபத்தேழு வயது, பினாங்கிலிருந்து முழங்கால் வலியோடு விமானமேறி வந்திருப்பவள், வந்தது என்னைப் பார்க்க அன்று. தன் தாயின் குரலைக் கேட்க வந்திருக்கிறாள். சென்ற சித்திரையில் என் கணவர் மறைந்த பின், அவர் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இந்த ஒலிநாடா இருந்தது. அட்டைப்பெட்டியின் மேல் அவர் கையெழுத்தில் ‘அம்மா, தையலுக்கு. 14.7.63’ என்றிருந்ததை என் மகன் படித்தான். படித்தவன் அன்றே தன் அத்தைக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டான். பழுதுபார்ப்பவரைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். வேண்டாம் என்று நான் கூறியிருக்கலாம். கூறினால் காரணம் சொல்ல நேர்ந்திருக்கும். இந்த நாடாவில் அவளுடைய தாயின் குரல் இல்லை. என் குரல் இருக்கிறது. இதை அறிந்த மூவரில் இருவர் இறந்துவிட்டனர்.

மர உடல், தந்த நிறத்தில் பொத்தான்கள், இரு பக்கமும் தட்டு அளவுக்குச் சக்கரங்கள், முன்புறம் கட்டைவிரல் நகம் போன்ற, சூடேறியதும் பச்சையாய் ஒளிரும் ஒரு கண்ணாடிக் கண். என் கணவர் அமிர்தகடேசன் ஜெர்மனியில் ஓராண்டுப் பயிற்சி முடித்து அறுபத்தொன்றில் திரும்பியபோது இதைக் கப்பலில் கொண்டுவந்தார். பம்பாய் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். அதிகாரி ஒருவர் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய் ‘ஹலோ’ என்றாராம். தன் ஹலோ திரும்பி வந்ததும் அரண்டுபோய்க் கையொப்பமிட்டாராம். இக்கதையை அவர் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. எனக்கோ முதல் மாலையிலேயே இயக்கும் முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், நான் அப்படித்தான் கற்றுக்கொள்வேன் என்பதை அறிந்தவர். நாடாவுக்கு இரு பக்கங்கள். பச்சை முனையில் தொடங்கினால் முதற்பக்கம். அது ஓடி முடிந்ததும் சக்கரங்களைக் கவிழ்த்து மாற்றினால் சிவப்பு முனை வரும்; அது இரண்டாம் பக்கம். கேட்க ஒரு பொத்தான் போதும். பதிவு செய்ய இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்த வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்தினால் அது இறங்காது. ஏன் இரண்டு என்றேன். “தெரியாம அமுக்கிட்டேன்னு எவனும் சொல்லிடக் கூடாதுன்னு. ஜெர்மன்காரன் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்,” என்றார். அந்தத் தாள் நெடுங்காலம் என்னிடம் இருந்தது. பச்சை, சிவப்பு, ஒரு பொத்தான், இரண்டு பொத்தான். குழந்தைக்கும் குழப்பம் வாராது. ஆயினும் குழம்பிவிட்டேன் என்றே ஐம்பது ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கம் மாறிவிட்டது. இவ்விரண்டு சொற்களில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. மாற்றியவர் யார் என்பதும் அவற்றில் இல்லை.

சூடான தூசியின் மணம் எழுகிறது. வேறு எந்தப் பொருளும் இப்படி மணக்காது. இந்த மணத்தோடு என் மாமியாரின் வெற்றிலை மணமும் சேர்ந்து வருவது நினைவின் வேலை, மூக்கின் வேலை அன்று. சொர்ணத்தம்மாளுக்கு எழுத்து தெரியாது. மாயவரத்துக்கருகில் பிறந்து, மகனோடு இந்த வீட்டுக்கு வந்து, சமையலறைக்கும் கொல்லைக்கும் இடையில் நாள் முழுவதும் நடந்துகொண்டிருந்தவர். மகளைப் பினாங்கில் கட்டிக் கொடுத்திருந்தார். மாதம் ஒரு கடிதம். அவர் சொல்வார், நான் எழுதுவேன். சொல்வது என்றால், அருவியின் கீழ் குடத்தைப் பிடிப்பது போன்றது. பால்காரன் மகள் ஓடிப்போனது, தயிர் உறையாதது, தையலுக்குச் சின்ன வயதில் வந்த கட்டி, இன்று கண்ட கனவு, மறுபடியும் தயிர். நான் ஒரு வரலாற்று ஆசிரியை. தேவையானதைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, பிழையற்ற தமிழில் எழுதினேன். அன்பு மகளுக்கு அன்னை எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். படித்துக் காட்டுவேன். அவர் தலையசைப்பார். “நல்லாத்தான் இருக்கு, யாரோ பெரிய மனுசி எழுதுன மாரி,” என்பார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அறுபத்திரண்டில் தையலுக்கு முதற்குழந்தை, ஆண். பிறந்த ஒன்பதாம் நாள் இறந்தது. தந்தி வந்த அன்று என் மாமியார் அடுப்பங்கரைத் தரையில் அமர்ந்து எனக்குச் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார்: நல்லா அழுதுடுடின்னு எழுது, அடக்காத, அடக்குனா பால் கட்டிக்கும்னு எழுது, நானும் இங்க அழுவுறேன்னு எழுது. நான் எழுதியது: மனத்தைத் தேற்றிக்கொள், பிறப்பும் இறப்பும் இயற்கையின் நியதி. ஒரு துயரக் கடிதத்தில் பால் கட்டுவதைப் பற்றி எழுதுவது முறையன்று என்று கருதினேன். முப்பது வயது எனக்கு. முறை எது என்பதில் அப்போது எனக்கு ஐயமே இருந்ததில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு தையலிடமிருந்து வந்தவை நான்கு வரிக் கடிதங்கள். தாயின் சாவுக்கும் அவள் வரவில்லை, முதல் திதிக்கும் வரவில்லை. நேற்று மதியம் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்: “அந்தக் கடுதாசி இன்னும் இருக்கு அண்ணி. நியதியாம். பெத்த தாய்க்கு அழத் தெரியலையேன்னு எனக்குக் கோவம். எங்கம்மாவுக்கு நியதின்னு ஒரு வார்த்தை தெரியுமான்னு அப்ப யோசிக்கத் தோணலை பாருங்க. வயசு அப்படி.” பிறகு ரசம் கேட்டாள். நான் ஊற்றினேன். “என் புள்ளையப் பத்தி அம்மா இந்த டேப்புல ஏதாச்சும் சொல்லியிருப்பாங்களா அண்ணி? ஒரு வார்த்தை போதும்.” கேட்டுத்தானே அறிய வேண்டும் என்று கூறினேன். அதுவும் பிழையற்ற வாக்கியம்தான்.

பச்சைக் கண் விழித்துவிட்டது. முதலில் ஒரு மங்கல், பிறகு இரு சிறகுகளாய் விரிந்து நடுவில் ஓர் இருட்டு. “முழிச்சிடுச்சு அண்ணி,” என்கிறாள், சிறுமியின் குரலில். காபி ஆறிவிட்டதா என்று கேட்கிறேன். “ஆறுனா என்ன. உங்க காபி அம்பது வருசமா ஒரே மாதிரிதான். சக்கரையும் அளவு, பாலும் அளவு, பேச்சும் அளவு. நான் கல்யாணமாகிப் போறப்ப எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? உங்கண்ணி நல்லவடி, ஆனா அவகிட்ட பேசுறப்ப பரீட்சை எழுதுற மாதிரியே இருக்குன்னாங்க.” சிரிக்கிறாள். நானும் சிரிக்க வேண்டிய இடம் இது. மூன்று முப்பது. என் உரை பதினைந்து நிமிடம். வானொலி உரைகளின் அளவு அது. இப்போது அழுத்தினால் மூன்று நாற்பத்தைந்தில் முடிந்துவிடும், மின்சாரம் காப்பாற்றாது. பத்து நிமிடம் கழித்து அழுத்தினால்? அப்போதும் முதல் வாக்கியத்திலேயே எல்லாம் தெரிந்துபோகும். இதை ஏன் முன்பே எண்ணிப்பார்க்கவில்லை. அவள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுவது ஒன்றே கண்ணியமான வழி. நேற்று ரசம் ஊற்றியபோது சொல்லியிருக்கலாம், இன்று காலை இன்னாசிமுத்து திருப்புளியோடு குனிந்திருந்தபோது அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். இன்னாசிமுத்து. அவர் கூறிய வேறொன்று காலையிலிருந்து செருப்புக்குள் கல்லாய் உறுத்துகிறது. பழைய பதிவை அழிக்கிற ஹெட்டு தேஞ்சு ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குதும்மா, ரொம்ப நாளாவே அப்படித்தான் இருந்திருக்கணும், இதுல மேல மேல பதிஞ்சிருந்தா பழசு சுத்தமாப் போயிருக்காது, அடியில மெலிசாக் கெடக்கும். கிடக்கட்டும் என்றேன். அழுத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கணம் முதல் எனக்கு அச்சம் இரண்டாகிவிட்டது. ஒன்றுமே எஞ்சியிராதோ என்பது ஒன்று. ஏதேனும் எஞ்சியிருக்குமோ என்பது மற்றொன்று. எது எஞ்சக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும், ஏனெனில் அந்த நாடாவை முழுமையாகக் கேட்டவள் இவ்வுலகில் நான் ஒருத்திதான்.

விரல் பொத்தானின் மேல் இருக்கிறது. ஒரு பொத்தான், கேட்பதற்கு ஒன்று போதும். அன்று இரண்டு விரல்கள். ஜூலை பதினாறு, செவ்வாய்க்கிழமை, பிற்பகல், கல்லூரியில் ஏதோ விடுமுறை. ஞாயிறன்று அவர் தன் தாயை இதே மேசையின் முன் அமர்த்தி, ஒலிவாங்கியை எதிரில் வைத்து, “நீ தையலுகிட்டப் பேசும்மா, நாங்க வெளியில போயிடறோம்,” என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார். உள்ளே கால்மணி நேரம். வெளியே வந்த என் மாமியார் முகம் சிவந்து, கண்கள் ஈரமாய், ஆனால் பாரம் இறக்கிவைத்தவரைப் போல இருந்தார். என் வழியாகச் செல்லாமல் அவர் தம் மகளோடு பேசியது அதுவே முதன்முறை. எனக்கு அது ஏன் உறுத்த வேண்டும்? உறுத்தவில்லை என்றே அன்று கூறியிருப்பேன். செவ்வாயன்று என் கணவர் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தார், மாமியார் பக்கத்து அறையில் உறங்கினார். எனக்கு மறுவாரம் வானொலியில் உரை. சோழர் காலத்து ஏரி வாரியங்கள். வீட்டில் ஒருமுறை பதிந்து கேட்டு, நேரம் பார்த்துக்கொள்வது என் வழக்கம். வேறு நாடா இல்லை. எனவே இதன் சிவப்புப் பக்கத்தில் பதிய எண்ணினேன். எண்ணியது உண்மை. பக்கத்தை மாற்றுமுன், எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகச் சற்றுக் கேட்டேன். அதுவும் உண்மை. சற்று என்பது கால்மணி ஆயிற்று. நாடாவில் மாமியார் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார். அதற்குள் நான் இப்போது போகமாட்டேன். என்னைப் பற்றியும் பேசினார். ஒங்கண்ணி நல்லாத்தான் எழுதுவா, ஆனா நாஞ் சொல்றத எழுதமாட்டா, அவளுக்குத் தெரிஞ்சதத்தான் எழுதுவா. கோபமில்லாமல், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் எழுத்தைப் பற்றி அதுவரை எவரும் ஒரு குறை கூறியதில்லை, பேராசிரியர்கள் கூறியதில்லை, கூறியவர் கையெழுத்திடக் கூடத் தெரியாத ஒரு பெண்மணி, அதுவும் கடல் கடந்து செல்லவிருக்கும் ஒன்றில். நாடாவைச் சுழற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தேன். முனை இயந்திரத்தின் உதட்டருகே வந்து நின்றது. பச்சை. அதைப் பார்த்தேனா? சாளரம் திறந்திருந்தது. ஆடி பிறப்பதற்கு முந்தைய நாளின் வெயில். பச்சை நிறத்தை நான் பார்த்தேன், இலையைப் பார்ப்பது போல. பிறகு இரு விரல்களால் இரு பொத்தான்களையும் ஒருசேர அழுத்தி, தொண்டையைச் செருமி, படிக்கத் தொடங்கினேன். இதுவரை இந்த இடத்தில் எப்போதும் நின்று, வெயிலில் கண் கூசியிருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். மேசை சாளரத்துக்கு முதுகு காட்டி இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

அழுத்தினேன். சக்கரங்கள் சுழல்கின்றன, முதலில் ஓர் இரைச்சல், பிறகு செருமல், பிறகு ஒரு பெண்ணின் குரல், இளமையும் தெளிவும் திமிரும் மிக்கது: சோழர் ஆட்சிக் காலத்தில் ஊராட்சி அமைப்புகள் எய்தியிருந்த முதிர்ச்சியை ஆராயப் புகும் எவரும். தையல்நாயகி ஒரு காதை முன்னே நீட்டியபடி கேட்கிறாள். தன் தாய் பேசத் தொடங்குவதற்கு முன் யாரோ முன்னுரை கூறுகிறார் என்று எண்ணுகிறாள் போலும். அரை நிமிடம். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்க்கிறாள். இந்தப் பார்வை எனக்குப் புதிதன்று. அந்த மறு ஞாயிறு, அஞ்சலில் அனுப்புவதற்கு முன் தாய்க்கு ஒருமுறை போட்டுக் காட்டலாம் என்று என் கணவர் இதை ஓடவிட்டபோது, இதே சோழர் ஆட்சிக் காலம்தான் வந்தது. அவர் இப்படித்தான் திரும்பினார். என் மாமியாரோ வாயில் கைவைத்துச் சிரித்தார்: “என்னடா இது, பொட்டிக்குள்ள போனதும் நான் படிச்சவளாயிட்டேனா?” பக்கம் மாறிவிட்டது என்றேன். என் கணவர் பொத்தான்களைப் பார்த்தார், ஒன்றை, பிறகு அடுத்ததை. மறுபடி பேசும்மா என்று தாயை வேண்டினார். “ஒரு தடவ சொன்னத மறுபடி எப்புடிடா சொல்றது? அது அப்ப வந்துச்சு, சொன்னேன்.” பேசுவார், நாளைக்கு, நாளை மறுநாள் என்றிருந்தோம். ஆவணி பிறப்பதற்குள் கை கால் இழுத்து, நான்கு நாள் நினைவின்றிக் கிடந்து போய்விட்டார். அதற்கு முன் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. தாயின் பெயரால், என் கையால்: நான் பேசி அனுப்ப எண்ணிய ஒலிநாடா ஈரத்தால் பழுதுற்றமையின். அதைப் படித்துக் காட்டவில்லை. என் கணவர் அதன்பின் நாற்பத்தொன்பது ஆண்டுகள் என்னோடு அன்பாகவே வாழ்ந்தார். இந்த நாடாவை மட்டும் எவரையும் தொட விட்டதில்லை, பெட்டியின் மேல் எழுதியதை அடிக்கவும் இல்லை. “இது நீங்க,” என்கிறாள் தையல். ஆம் என்கிறேன். “அப்ப அம்மா? அந்தப் பக்கம் இருக்காங்களோ? திருப்பிப் போடுங்களேன்.” சிவப்புப் பக்கம் வெறுமை. ஆனால் திருப்பலாம், வெறுமை ஓட அரைமணி ஆகும், அதற்குள் நான்கு மணி. கை நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்போது அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். “இருங்க. நிறுத்தாதீங்க. நீங்க மூச்சு விடறப்பல்லாம் பின்னாடி யாரோ பேசுறாங்க.”

நான் மூச்சு விடும்போது. அந்நாளில் என்னைப் புகழ்ந்தவர் அனைவரும் புகழ்ந்தது இதைத்தான், இடையறாத ஓட்டம், ஒரு தங்குதடை இல்லை, கால்மணி நேரம் ஒரே நீரோட்டம் என்பார்கள். அதில் பெருமை எனக்கு. இப்போது கேட்கிறேன்: வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையே ஒரு நகக்கீற்று இடைவெளி, அதில் ஏதோ முணுமுணுப்பு எழுகிறது, சொல்லாவதற்குள் என் குரல் அதன்மேல் ஏறி நிற்கிறது. மதகு அமைத்தனர். முணுமுணுப்பு. தூர் வாரினர். முணுமுணுப்பு. தையல் பெட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டுவிட்டாள். பச்சை ஒளி அவள் கன்னத்தில் விழுகிறது. பெண்ணே, சற்று நிறுத்தேன், என்று அந்தக் குரலிடம் மன்றாடுகிறேன்; நான் என்னிடம் அவ்வாறு மன்றாடியது இதுவே முதன்முறை. அவள் நிறுத்தவில்லை. ஏரிகளின் எண்ணிக்கை, கல்வெட்டுகளின் ஆண்டு, உறுப்பினரின் தகுதி என்று அடுக்கிக்கொண்டே போகிறாள், எத்தகைய திறமை, எவ்வளவு பயனற்ற திறமை. பதினோராம் நிமிடம். எனக்கு நினைவு வருகிறது: ஒரு தாள் அடுத்த தாளோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்க நான்கு நொடி பிடித்தது, எரிச்சலுற்றேன், வானொலியில் இப்படி நேரக்கூடாது என்று தாள்களுக்கு மூலை மடித்து வைத்தேன். வருகிறது. என் குரல் நின்றுவிட்டது. தாள் சரசரக்கிறது. அதன் அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஆனால் ஐயத்துக்கிடமின்றி, வெற்றிலை அடக்கிய வாயோடு: வச்சியாடி? வச்சிருந்தா எனக்குச். இரண்டாவதாக, என்று தொடர்ந்தாள் அந்த இளம்பெண். “அம்மா,” என்றாள் தையல். உரக்கச் சொல்லவில்லை. “அண்ணி, திருப்புங்க, அந்த இடத்துக்குத் திருப்புங்க.” எண்காட்டியில் நூற்று எண்பத்துநான்கு. திருப்பினேன். வச்சியாடி? வச்சிருந்தா எனக்குச். மறுபடி. ஆறு முறை, ஏழு முறை. ஒவ்வொரு முறையும் என் குரல் தொடங்குமுன் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். எட்டாம் முறை அவளே என் கையைத் தடுத்தாள். “என்ன வச்சேனான்னு கேக்குறாங்க? நகையையா? கோவத்தையா? என்னத்த அண்ணி?” எனக்குத் தெரியாது என்று கூறலாம். ஐம்பது ஆண்டுகளாகக் கூறி வந்ததற்கு அது பொருத்தமான முடிவாக இருக்கும். ஈரத்தால் கெட்டது, பக்கம் மாறியது, எனக்குத் தெரியாது. “நான் அழித்தேன், தையல்,” என்றேன். “பக்கம் மாறவில்லை. பச்சை முனையைப் பார்த்துத்தான் அழித்தேன். அதற்கு முன் முழுவதும் கேட்டேன்.” அந்த நேரம் பார்த்து மின்விசிறி தளர்ந்தது, பச்சைக் கண் இரு சிறகையும் மூடிக்கொண்டது, குளிர்பெட்டியின் ரீங்காரம் அடங்கியது. கடிகாரம் நான்கு.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். வெளியே யாரோ மிதிவண்டியைக் கிறீச்சிட்டு நிறுத்தினார்கள். அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள், முழங்கால் வலிக்க வலிக்க. “முழுசாக் கேட்டீங்களா?” “கேட்டேன்.” “ஞாபகம் இருக்கா?” இருக்கிறது என்றேன். ஒரு சொல்லும் போகவில்லை. போகாதா என்று முயன்றிருக்கிறேன். “அப்ப சொல்லுங்க.” நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தொடங்கினேன்: உன் தாயார் முதலில் உன் உடல்நலத்தை விசாரித்தார், அதன்பின் உன் குழந்தையின் மறைவு குறித்து. “இல்ல அண்ணி,” என்றாள். அதட்டவில்லை, என் வகுப்பில் நான் ஒரு மாணவியைத் திருத்துவது போலவே, பொறுமையாகத் திருத்தினாள். “இது நீங்க. இத நான் நெறயப் படிச்சிட்டேன். அவங்க எப்படிச் சொன்னாங்களோ அப்படிச் சொல்லுங்க.” என் வாய் அந்த மொழியைப் பேசியதில்லை. எழுபது ஆண்டுகளாக நான் கட்டிக் காத்த நாக்கு அது. எழுத்தில் தரக்கூடாது என்று நான் விலக்கிய ஒவ்வோர் ஒலியும் இப்போது வரிசையில் நிற்கிறது, என்னை நோக்கி. கண்ணை மூடிக்கொண்டேன். முதற்சொல் வெட்கத்தில் தடுக்கியது. அவருக்கும் அன்று தடுக்கியது. அதனால் அதையும் விடவில்லை.

“தையலு. ஏண்டி, ஒடம்பு தேவலையா? இந்தப் பொட்டிகிட்ட பேசச் சொல்றான் ஒங்கண்ணன், எனக்கு வெக்கமா இருக்கு. ஒங்கண்ணி நல்லாத்தான் எழுதுவா. ஆனா நாஞ் சொல்றத எழுதமாட்டா, அவளுக்குத் தெரிஞ்சதத்தான் எழுதுவா. புள்ள போனப்ப நல்லா அழுதுடுடின்னு எழுதச் சொன்னேன், எழுதுனாளோ என்னவோ, அதுக்கு ஒங்கிட்டேருந்து ஒரு பதிலும் காணும். அதாண்டி நானே கேக்குறேன். ஒம்போது நாளுதான் இருந்தான், பேரு வைக்கிற நாளு வரைக்கும் இருக்கல. அது தெரியும். இருந்தாலும் மனசுக்குள்ளயாவது ஒரு பேரு வச்சியாடி? வச்சிருந்தா எனக்குச் சொல்லு. யாருகிட்டயும் சொல்லமாட்டேன். வௌக்கேத்துறப்ப ஒவ்வொரு பேராச் சொல்லிப் பாக்குறேன். எதச் சொன்னாலும் வேற வூட்டுப் புள்ளையக் கூப்புடுற மாரியே இருக்கு.”

நிறுத்தினேன். அந்த இடத்தில் அவரும் நிறுத்தினார். நடுவே நான் தாண்டி வந்த பால்காரனும் கனவும், அதன்பின் தயிரும் இருக்கின்றன, அவற்றையும் சொல்வேன், கேட்டால். கண்ணைத் திறந்தபோது தையல்நாயகி என்னைப் பார்க்கவில்லை. இருண்டுபோன கண்ணாடிக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு இரண்டு முறை திறந்து மூடியது.

“வச்சேம்மா,” என்றாள். “செல்வமுத்து.”

எனக்குச் சொன்ன பதில் அன்று அது. நான் அசையாமல் இருந்தேன், அது போய்ச் சேரும் வரை.